காற்றுப் புகாத பெட்டி

அன்று காலை லாரிப் பெட்டியின் கதவைத் திறந்தபோது உள்சுவர் வியர்த்திருந்தது.

மழை இல்லை, பனி இல்லை. ஷெட்டின் தகரக் கூரை அந்நேரத்திற்கே சூடேறிப் படபடக்கத் தொடங்கியிருந்தது. அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர்தான். பழைய துணியை எடுத்துத் துடைக்கப் போனபோதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். ஈரம் சுவர் முழுக்க இல்லை. மேலே காய்ந்து கிடந்தது, அடியிலும் காய்ந்து கிடந்தது. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தில் மட்டும், திட்டுத் திட்டாக, கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அந்த அளவில் படிந்திருந்தது.

"என்னங்க, ராத்திரி யாராவது இதுக்குள்ள படுத்திருந்தாங்களா?"

லாரிக்கு அடியிலிருந்து கணவனின் குரல் வந்தது. "பூட்டு போட்டிருக்கு, சாவி என் இடுப்புல கிடக்கு. யார் வந்து படுப்பா? பேய் வந்து பாய் போட்டுப் படுக்குதா?" என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவள் வாயை மூடிக்கொண்டாள். துணியைப் பிழிந்து, ஈரத்தைத் துடைத்து, அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் விட்டாள்.

அந்தச் சிரிப்புக்காக அவள் எதை வேண்டுமானாலும் விழுங்குவாள். தன் கடையை இழுத்து மூடிய பிறகு ஒரு வருடம் அவன் படுக்கையை விட்டு எழவில்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பான், சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவான், அவ்வளவுதான். அவள் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போவாள், வருவாள், தட்டை வைப்பாள், ஆறிப்போன தட்டை எடுப்பாள். ஆரம்பத்தில் அழுதாள். பிறகு அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் தங்கை இறந்ததைச் சொல்லி அழுதபோது, இவள் அவள் காதிலிருந்த தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் ஒரே பக்கமாக உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, அப்படி உள்ளுக்குள் ஏதோ மரத்துப் போயிருந்தது. குத்தினாலும் உறைக்காது.

அப்புறம் இந்த லாரி வந்தது. பழைய ஃப்ரீசர் லாரி. யாரோ விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் அன்று சாயங்காலமே சவரம் செய்துகொண்டான். "குளிரை உள்ளே பிடிச்சு வெச்ச சுவரு, வெயிலை வெளிய நிறுத்தாதா? இதை வீடாக்குறோம். கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி, மணல்ல புதையாத டயரு. ரோடு முடியுற இடத்துலதான் நம்ம பயணமே ஆரம்பம், பாரு" என்றான். அவன் மூச்சு விடாமல் இவ்வளவு பேசி எத்தனை காலம் ஆயிற்று! குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். அவள் வேலையை விட்டாள். இந்தப் பெட்டி வீடாகவில்லை என்றால் அவன் மறுபடியும் படுத்துவிடுவான். இந்தத் தடவை படுத்தால் எழமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும், அதை மட்டும் அவளால் பார்க்க முடியாது.

"ரோடு இல்லாத இடத்துல புழுதிதான் எமன்" என்று அவன் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். "ஊசி முனை ஓட்டை போதும். படுக்கையில மண்ணு, சோத்துல மண்ணு, மூக்குல மண்ணு." ஜன்னல் வெட்டிவிட்டால் ஓட்டை தேட முடியாது. அதனால் ஜன்னலைக் கடைசிக்குத் தள்ளிவைத்தான். அதற்கு முன்னால் வெளிச்சச் சோதனை. உச்சி வெயிலில் லாரியை ஷெட்டிலிருந்து வெளியே நிறுத்த வேண்டும், ஒருவர் உள்ளே போக வேண்டும், கதவைச் சாத்த வேண்டும். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வெளியே வந்தால் அவன் அத்தனையையும் அடைத்துவிடுவான். இருட்டில் அவனுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆகவே அவள் போனாள்.

கதவு சாத்தியதும் வெளியுலகத்தின் சத்தமெல்லாம், பக்கத்து டயர் பட்டறையின் கம்ப்ரஸர் இரைச்சல், தெருவில் போகும் வண்டிகள், அவன் செருப்புச் சத்தம், எல்லாம் யாரோ தலையணையை வைத்து அமுக்கியது போல ஒரே நொடியில் அடங்கின. பிறகு கண் பழகப் பழகப் புள்ளிகள் தெரிந்தன. கூரை ஓரத்தில் ரிவிட் கழன்ற இடங்கள், குளிர்சாதன யந்திரம் மாட்டியிருந்த திருகு ஓட்டைகள். அவற்றுக்கெல்லாம் வட்டம் போட்டாள். அதற்குப் பிறகு கீழே பார்த்தாள். கதவை ஒட்டிய பக்கச் சுவரில், உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தில், ஒரு கொத்துப் புள்ளிகள் இருந்தன. காலையில் ஈரம் படிந்திருந்த அதே இடம்.

உட்கார்ந்து சாக்பீஸை நீட்டினாள். முதல் புள்ளி அணைந்தது.

மறுபடி தெரிந்தது. பக்கத்துப் புள்ளி அணைந்தது. அதுவும் தெரிந்தது. அடுத்தது. அவன்தான் வெளியே நடக்கிறான், நிழல் விழுகிறது என்று நினைத்தாள். ஆனால் நடக்கிறவன் நிழல் இப்படி ஒரே புள்ளியில் நின்று நிதானித்து, ஒரு மூச்சு இழுக்கும் நேரம் இருந்துவிட்டு விலகாது. காதைக் கொடுத்தாள். சூடான டீயை உதட்டில் வைத்து மெல்ல உறிஞ்சுவார்களே, அந்தச் சத்தம். ஒரு புள்ளியில் நின்றதும் அடுத்ததில் கேட்டது. சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம். அவள் முழங்காலுக்கு நேர் எதிரே.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வேறு யாருக்கோ வந்தது போல எங்கோ தள்ளி நின்றது. ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சமாகும்வரை காத்திருந்து வட்டம் போட்டுவிட்டு, கதவைத் தட்டினாள்.

"நிறைய இருக்கு" என்றாள் வெளியே வந்து. "நீங்க இந்தப் பக்கம் நடந்துட்டு இருந்தீங்களா?"

"நானா? ஷெட்டுல உக்காந்து டீ குடிச்சேன். உனக்கும் வெச்சிருக்கேன், ஆறிடப் போவுது, போ."

மறுநாள் அடிச்சட்டம் பற்றவைக்க வந்த வெல்டர்தான் அந்த ஓட்டைகளைக் குனிந்து பார்த்தான். விரலால் தடவினான்.

"அக்கா, இது துரு அரிச்ச ஓட்டை இல்ல. தகடு வெளிப்பக்கமா மடங்கியிருக்கு பாருங்க. உள்ளேருந்து எதையோ வெச்சுக் குத்தியிருக்காங்க. இவ்ளோ கனமான சுவத்துல..." கணவன் பக்கம் திரும்பினான். "சார், இதுல என்ன ஏத்துனாங்க?"

"மீனு" என்றான் கணவன், டேப்பை இழுத்து அளந்தபடி.

வெல்டர் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் வேலையை முடித்துவிட்டு, கொடுத்த டீயைத் தொடாமல், ஒயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். "என்னவோ தலை போற அவசரம் போல" என்றான் கணவன்.

அன்று சாப்பிடும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். அவன் வரைபடத்தைத் தரையில் விரித்து, ஒரு கையால் சாப்பிட்டபடியே மறு கையால் பாலைவனத்தின் குறுக்கே கோடு இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் முகத்தைப் பார்த்து, "என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்ல. உப்பு போதுமான்னு கேட்டேன்."

அவன் அடைக்க அடைக்கப் புள்ளிகள் குறைந்தன. காலை ஈரம் கூடியது. இப்போது அது திட்டாக இல்லை. ஒன்றோடொன்று கலந்து சுவரில் வழிந்து தரையில் தேங்கியது. அவன் எழுவதற்கு முன்னால் வந்து துடைத்துவிடுவாள். அடுத்த சோதனைக்கு உள்ளே போனபோது வாடை வந்தது. மீன் இல்லை. நெரிசலான பஸ்ஸில் வரும் வாடை. வேர்வை, எண்ணெய்த் தலை, நாள்பட்ட துணி. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் புள்ளிகள் மிஞ்சியிருந்தன, ஒவ்வொன்றும் தெரிந்த மாத்திரத்தில் மறைந்தது. உறிஞ்சும் சத்தம் இடைவெளியில்லாமல் கேட்டது. அதற்குப் பின்னால் தரையில் துணி உரசும் சத்தம். யாரோ இடம் மாறி உட்காரும் சத்தம்.

அதற்கடுத்த சோதனையில் ஒரே ஒரு புள்ளி. கதவருகே, உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியின் கம்பி சுவரைத் துளைத்துப் போகும் இடம். அது கண் சிமிட்டும் நேரம்கூடத் தெரியவில்லை. அங்கே சண்டை நடந்தது. சத்தமில்லாத சண்டை.

சொல்லலாம். இப்போதாவது சொல்லலாம்.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். "கதவுகிட்ட."

"அட, அந்தக் கம்பிதானா திருடன்!" கம்பியை உருவினான், ஃபோம் பீய்ச்சினான், உள்ளும் புறமும் தகடு வைத்து ரிவிட் அடித்தான். "புது லாக் அடுத்த வாரம் வருது. அதுவரை வெளியேருந்து திறக்க நான் இருக்கேனே."

கடைசிச் சோதனை. அவன் உள்ளே பெருக்கித் துடைத்து வைத்திருந்தான், ஒரு ஆணிகூடக் கிடக்கவில்லை. அவள் ஏறினாள். கதவு சாத்தியது.

இருட்டு.

ஒரு புள்ளியும் இல்லை. உறிஞ்சும் சத்தமும் இல்லை. உறிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இருந்தார்கள். பெட்டி நிறைய. மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பவர்களின் நடுவே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அடக்கிய மூச்சு. பக்கத்தில். பின்னால். தலைக்கு மேல்.

கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

திறந்தது. வெயில் உள்ளே கொட்டியது. பெட்டி காலி. வாசலில் கணவன், பரீட்சை முடிவு கேட்கும் பிள்ளையைப் போல நின்றான்.

"எத்தனை?"

"ஒண்ணுகூட இல்ல."

"அடி சக்கை!" கையைத் தட்டினான். அவள் இறங்குவதற்குள் ஒரே தாவாகத் தாவி உள்ளே ஏறினான். இந்த மனிதனுக்கு இப்படித் தாவ வரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. "இரு, நானும் பாக்கறேன். என் கையால அடைச்ச இருட்டு" என்று கதவை இழுத்துச் சாத்தும் வாரைப் பிடித்தான்.

"வேண்டாங்க..."

அவன் திரும்பினான். "ஏன்? என்ன ஆச்சு?" சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் ஓரத்தில் கலையத் தொடங்கிவிட்டது. கண்ணில் அந்தப் பழைய மங்கல் எட்டிப் பார்த்தது. ஒரு வார்த்தை போதும். அவனை வெளியே தள்ளவும் அது போதும், ஒரேயடியாகப் படுக்க வைக்கவும் அது போதும்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அவன் இழுத்தான். ரப்பர் விளிம்பு உறிஞ்சிக்கொண்டு பொருந்தியது. வெளியே தாழ் விழுந்தது.

"அம்மாடி" என்றான் இருட்டில். "பொட்டு வெளிச்சம் இல்ல. பாரேன். நம்ம வீடு." சிரித்தான். அந்தச் சிரிப்பு சுவரில் படவே இல்லை. எதிலோ மெத்தென்று பட்டு நின்றது.

அவன் கை கதவைத் தடவியது. தகட்டில் நகம் உரசியது. ரிவிட். இன்னொரு ரிவிட்.

"அட, என் புத்திய..." இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. "இரு, தட்டுனா பட்டறைக்காரங்க வருவாங்க. போனு உன்கிட்ட இருக்கா?"

"ஷெட்டுல."

தட்டினான். கனமான சுவர். சத்தம் உள்ளேயே விழுந்தது. மறுபடி தட்டினான். காற்று அதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டது. பஸ் வாடை.

"தோளைத் தட்டாத" என்றான். "திறக்கப் பாக்கறேன்ல?"

அவள் நின்ற இடத்திலிருந்து பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சொன்னா கேளு. தள்ளாத. எவ்ளோ கை..."

நிறுத்தினான்.

அவளுடைய இரண்டு கைகளும் அவள் வாயின் மேல் இருந்தன.

"நீ எங்க இருக்க?" அவன் குரல் மெல்லிசாகியிருந்தது. "நீ எங்க உக்காந்திருக்க?"

அப்போது அவள் தோளிலும் அது விழுந்தது. முரட்டுத்தனம் இல்லை. அவசரம்கூட இல்லை. விரல் நுனியால் ஒரு தட்டு. வரிசையில் பின்னால் நிற்பவர், உங்களுக்கு ஆயிற்றா என்று கேட்பதைப் போல.

அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவள் விட்ட இடத்தில் சூடாக ஒரு உடம்பு வந்து உட்கார்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று நகர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று.