சுருட்டில் இருந்த ஈரம்

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரும்போது மாத்துத்துணி எடுத்துட்டு வான்னு சொல்லிட்டாங்க சார்" என்றாள் நர்ஸம்மா. அழுது தீர்த்துவிட்டு வந்தவளின் முகம் வறண்டிருந்தது. மாற்றுத்துணி என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருந்த இருவருக்கும் தெரியும்.

இருவரில் ஒருவர் சர்வேயர். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்துபோன கடைகளையும் குடோன்களையும் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைத்ததா என்று சொல்வதுதான் அவர் பிழைப்பு. மற்றவன் அவருடைய மச்சினன். துப்பறிவதில் அவனுக்குத் தீராத ஆசை. ஐந்தே நிமிஷத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். என்ன, அடுத்த ஐந்து நிமிஷத்தில் அது வேறொரு ஆளாக இருக்கும்.

நர்ஸம்மா சொன்ன கதை இதுதான். கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற கிழவரை அவள் பார்த்துக்கொண்டாள். நுரையீரல் கெட்டுப்போய், கட்டில் பக்கத்திலேயே ஆக்ஸிஜன் சிலிண்டர். முந்தாநாள் மத்தியானம் அவள் கீழே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மாடியில் தீப்பிடித்தது. கட்டிலோடு எரிந்துபோனார். சாம்பலில் ஒரு சுருட்டுத் துண்டு கிடைத்தது, அவர் பீரோவில் வைத்திருந்த பழைய பெட்டிச் சுருட்டு. உடனே போலீஸ் அறையைச் சீல் வைத்துவிட்டது.

"நான்தான் பத்த வச்சுக் கொடுத்தேன்னு புள்ளையும் பொண்ணும் எழுதிக் கொடுத்துட்டாங்க."

"கொடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல சார்."

"அந்தச் சுருட்டுப் பெட்டியைத் தொட்டதே இல்லையா?"

அவள் தரையைப் பார்த்தாள். மச்சினன் மனசுக்குள் அவளுக்கு விலங்கு மாட்டிவிட்டான்.

சாயங்காலம் நர்ஸம்மாவையும் கூட்டிக்கொண்டு கேப்டன் வீட்டுக்குப் போனார்கள். ஹாலில் கேப்டனின் மகனும் மகளும் இருந்தார்கள். இருவரும் அந்த வீட்டிலேயே இருப்பவர்கள். மகள் மூத்தவள். மகன் ஒரு கம்பெனியில் மேனேஜர். துக்க வீடு என்று சொன்னால்தான் தெரியும். கருகிய நெடி போகவில்லை என்பது ஒன்றுதான் இருவருக்கும் குறை.

"சம்பவம் நடந்தப்ப நான் ஆபீஸ்ல இருந்தேன்" என்றான் மகன். "அப்பா ரூம்ல கால் வச்சே மாசக்கணக்காச்சு. அந்த மருந்து நாத்தம் எனக்கு ஒத்துக்காது."

"எனக்கும்தான்" என்றாள் மகள். "அதுக்குத்தானே சம்பளம் கொடுத்து ஆள் வச்சோம்?"

சர்வேயர் தலையாட்டினார். "சுவரைப் பிடிச்சுக்கிட்டு நாலடி நடப்பாராமே? அவரே எடுத்துப் பத்த வச்சிருக்கலாமில்லையா?"

மகன் சிரித்தான். "அவர் கை எப்படி நடுங்கும் தெரியுமா? டம்ளர் தண்ணி கொடுத்தா பாதி சட்டையிலதான். நமத்துப்போன சுருட்டு சார், ஒரு குச்சிக்குப் பத்துமா? நாலு குச்சி உரசணும், நிதானமா உருட்டி உருட்டிப் பத்த வைக்கணும். அது அவர் கையால ஆகாது. வேற கை செஞ்சிருக்கு." சொல்லிவிட்டு வாசலோரம் நின்ற நர்ஸம்மாவைப் பார்த்தான்.

ஆணி அடித்தாற்போலப் பேசுகிறானே என்று மச்சினனுக்குத் தோன்றியது. சர்வேயர் மகள் பக்கம் திரும்பினார்.

"நீங்க அந்தச் சுருட்டைப் பார்த்திருக்கீங்களா?"

"அப்பா படுத்த புதுசுல பார்த்தது. காஞ்சு சருகாக் கிடந்துச்சு, தூக்கிப் போடுங்கன்னோம். இவன்தான் ஒண்ணை எடுத்துப் பார்த்துட்டு, 'அப்பா மாதிரியே இருக்கு, தொட்டா உதிருது'ன்னான். அவர் முன்னாடியே!"

அந்த நினைப்பில் அக்காவும் தம்பியும் இப்போதும் சிரித்தார்கள்.  பெற்ற பிள்ளைகளா இவர்கள் என்று வாய்வரை வந்ததை மச்சினன் அடக்கிக்கொண்டான்.

சர்வேயர் கேட்டுக்கொண்டபடி எஸ்.ஐ. வந்து எல்லோர் முன்னாலும் சீலை உடைத்தார். அறையில் கட்டில் இருந்த பக்கம் கரியாய்க் கிடந்தது. எதிர்ச்சுவரில் இரும்பு பீரோ புகை படிந்து நின்றது. சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மரப்பெட்டி பத்திரமாக இருந்தது.

சர்வேயர் ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே வைத்து விரலால் உருட்டினார். காய்ந்திருந்தால் சரசரவென்று சத்தம் வந்திருக்கும். வரவில்லை. அழுத்தினார், மெத்தென்று அமுங்கியது. பெட்டி மூலையில் ஒரு டப்பா மூடி, அதில் ஈர ஸ்பாஞ்ச்.

"நான்தான் வச்சேன் சார்" என்று நர்ஸம்மா உடைந்தாள். "காஞ்ச சுருட்டை உசுப்பிடலாம், ஆனா அவசரப்படக்கூடாதுன்னு கேப்டன் சொன்னார். மேல தண்ணி தெளிச்சா தோல் வெடிச்சிடுமாம். ஸ்பாஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு, சுருட்டுல படாம ஓரமா வைக்கணும், தினம் புரட்டிப் போடணும். வாரக்கணக்கா செஞ்சோம். போன வாரம் ஈரம் கொஞ்சம் ஏறிப்போச்சு, அதுக்கும் திட்டு வாங்கினேன். பிடிக்கிறதுக்கு இல்ல சார், மோந்து பார்க்கத்தான். சாயங்காலம் ஒண்ணை மூக்குகிட்ட பிடிப்பேன், கண்ணை மூடிக்குவார். அவ்வளவுதான்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"எங்க ரெண்டு பேருக்கும்தான். தெரிஞ்சா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களே."

"அப்ப சரியாப் போச்சு" என்றார் எஸ்.ஐ. "நாளைக்கு எதுக்கு? இப்பவே கிளம்பும்மா."

மச்சினனும் கேஸ் முடிந்தது என்றுதான் நினைத்தான். ஆனால் ஐயோ பாவம் என்றும் இருந்தது.

"கொஞ்சம் இருங்க" என்றார் சர்வேயர். அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்தச் சுருட்டு ஊருக்கெல்லாம் சருகு. அக்காவும் சருகுன்னுதான் சொன்னாங்க. தம்பி மட்டும் கீழ உட்கார்ந்துக்கிட்டே நமத்துப்போன சுருட்டுன்னார். ஒரு குச்சிக்குப் பத்தாதுன்னார். பிஸ்கட்டை வாயில போடாம நமத்துப்போச்சுன்னு யாராவது சொல்வாங்களா? தீப்பிடிச்ச அன்னைக்கே ரூமுக்குச் சீல் வச்சாச்சு. அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா கால் வைக்கலைன்னு அவரே சொல்றார். அப்ப எப்பத் தெரிஞ்சுது? பத்த வச்சவனுக்குத்தான் அது லேசில பத்தாதுன்னு தெரியும்."

"ஏதோ வாயில வந்த வார்த்தை சார் அது!" மகன் முகம் வெளுத்துப்போயிற்று. "அக்கா, நீயாவது சொல்லேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள், எஸ்.ஐ.யைப் பார்த்தாள். யார் பக்கம் நின்றால் தன் தலை தப்பும் என்று அவள் கணக்குப் போட்டது மச்சினனுக்கே தெரிந்தது. "அன்னைக்கு மத்தியானம் பின்வாசல்ல, இவன் ஆபீஸுக்குப் போட்டுட்டுப் போன செருப்பு கிடந்துச்சு" என்றாள்.

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"கூடப்பிறந்தவன் சார். இவ சம்பளத்துக்கு இருக்கறவதானே?"

மகன் பீரோவில் சாய்ந்தான். ஏதோ ஆபீஸ் சமாசாரம் சொல்வதுபோலச் சொன்னான். "ராத்திரி பகல்னு இல்லாம அந்த இரைப்பு. வீடு முழுக்கக் கேட்கும். எத்தனை நாள் சார் கேட்கிறது? இவ சாப்பிடப் போனதும் சிலிண்டரை மூடிட்டுச் சுருட்டைப் பத்த வச்சு வாயில வச்சேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். 'தேங்க்ஸ்டா'ன்னார், வாழ்க்கையில முதல் தடவையா. அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு, குழாயை மெத்தை மேல போட்டுச் சிலிண்டரைத் திறந்து விட்டேன்."

 எஸ்.ஐ. அவன் கையைப் பிடித்தார். அப்போது நர்ஸம்மா அவனிடம் போய் நின்றாள்.

"அந்தச் சுருட்டெல்லாம் உங்களுக்காகத்தான் சரிபண்ணச் சொன்னார். 'என் பையன் ஒரு நாள் என் பக்கத்துல வந்து உட்காருவான், அன்னைக்குச் சருகையா நீட்டறது?'ன்னு கேட்டார். தினமும் கேட்பார்."

அதுவரை கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றவன் அப்படியே மடங்கி உட்கார்ந்தான். "அப்பா" என்று அவன் அலறியது தெருமுனைவரை கேட்டிருக்கும். இரண்டு போலீஸ்காரர்கள் சேர்ந்து தூக்கித்தான் கீழே கொண்டுபோனார்கள்.

பஸ் நிறுத்தம்வரை மூவரும் நடந்தார்கள். மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். "என்ன இருந்தாலும் பெத்த மனசு பாருங்க அத்தான்" என்றான்.

சர்வேயர் நர்ஸம்மாவிடம் கேட்டார். "முதல்ல, மோந்து பார்க்கத்தான்னு சொன்னீங்க?"

"ஆமா சார். அதுதான் நெசம். மகன் பேச்சை எடுத்தாலே அவர் காறித் துப்புவார்."

மச்சினன் நின்றுவிட்டான். "அப்ப ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உள்ள ரொம்ப வருஷம் இருக்கணுமில்ல தம்பி? நினைச்சுக்கிட்டு இருக்க அவனுக்கும் ஏதாவது வேணுமே."