ஐந்தாவது ஆணி

சுவரில் ஐந்து மர ஆணிகள் இருந்தன. நேற்றுவரை நான்குதான்.

காவல்காரி மறுபடி எண்ணினாள். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பண்ணைக் கூலியாள், அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் முடங்கிக் கிடந்த ஒற்றை அறை வீடு அது. இப்போது கயிறு கட்டி, விளக்கப் பலகை மாட்டி, ஜனங்கள் பார்க்க வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஓர் ஆணி, அதில் ஒரு சட்டை. ஆளுக்கு ஒரு கிண்ணம், ஒரு பாய். தினமும் மாலை ஐந்தரைக்குப் பட்டியலோடு ஒவ்வொன்றையும் சரிபார்த்துவிட்டுப் பூட்டுவது அவள் வேலை. பட்டியலில் உள்ளது எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம்.

மறுநாள் அதிகாரி பார்வையிட வருகிறார். எறும்பு செத்துக் கிடந்தாலும் எழுத்தில் விளக்கம் கேட்கிற மனிதர். வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று, பட்டியலில் 'ஆணி நான்கு' என்பதை அடித்து 'ஐந்து' என்று எழுதினாள். அதிகாரியும் வந்து எண்ணிப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. பள்ளி விட்டு வந்த மகள் வழக்கம்போல் வெளிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்க, இவள் உள்ளே போனாள். வயலிலிருந்து இப்போதுதான் ஆட்கள் திரும்பியதுபோல் வேர்வையும் சேறும் கலந்த வாடை, நூறு வருஷமாக ஆளில்லாத அந்த மண்சுவர்களிலிருந்து கசிந்து வந்தது. அடுப்புச் சாம்பலைத் தொட்டாள். சூடாக இருந்தது.

கிண்ணம் ஐந்து. பாய் ஐந்து.

பட்டியலைப் புரட்டினாள். அங்கேயும் ஐந்து, ஐந்து. அவள் கையெழுத்து. அவள் எழுதவில்லை.

வாசலுக்கு ஓடினாள். படியில் நோட்டு மட்டும் நனைந்துகொண்டிருந்தது.

திரும்பினாள். ஐந்தாவது ஆணியில் ஒரு நீலச் சட்டை. காலையில் தேய்த்துக் கொடுத்த பள்ளிச் சட்டை. சாயம் போய், முழங்கையில் ஒட்டுப் போட்டு, மற்ற நான்கையும்போல நைந்திருந்தது.

"அம்மா." இருண்ட மூலையிலிருந்து.

"வா கண்ணு. வீட்டுக்குப் போலாம்."

"வர முடியாதும்மா. நானும் பட்டியல்ல இருக்கேனாம்."

பேனாவை எடுத்தாள். ஐந்தை அடித்தாள். மை ஒட்டவில்லை. மறுபடி அடித்தாள். ஒட்டவில்லை.

மூலையில் ஐந்து பேர். சுவரைப் பார்த்தபடி, வரிசையாக. கடைசியில் ஒரு சின்ன முதுகு. இரட்டைப் பின்னல். அவிழக் கூடாதென்று காலையில் அவள் போட்டுவிட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. ரிப்பன் மட்டும் செல்லரித்துப் போயிருந்தது.