எட்டு லட்சத்துக்கு ஒரு வெள்ளைத்தாள்

காலை 8.40. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அந்த அம்மாள் பீரோவைத் திறந்து பழுப்புக் கவரை எடுத்தார். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பைனான்ஸ் கம்பெனிக்குப் போய் டெபாசிட்டை முறித்துப் பணம் வாங்க வேண்டும். ஒட்டியிருந்த கவரின் மேல் விளிம்பைக் கிழித்து, உள்ளே மடித்திருந்த தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்க் கண்ணருகே பிடித்தார்.

வெறும் வெள்ளைத்தாள். எட்டு லட்சத்துக்கான பத்திரத்தைக் காணோம்.

9.30. பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டுடன் வந்தாள். பீரோ பூட்டில் கீறல்கூட இல்லை. பக்கத்துத் தட்டில் தங்கச் சங்கிலி இருந்த இடத்திலேயே இருந்தது.

"சாவி?"

"ஒண்ணு என் கழுத்துல. இன்னொண்ணு மாப்பிள்ளைகிட்ட. போன வாரம் பூட்டை அவர்தான் ரிப்பேர் பண்ணினார்." நர்ஸம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "லேத் பட்டறைக்குப் பணம் கேட்டார். நான் குடுக்கல."

வாசலில் நின்ற மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் நின்ற மகள் அழ ஆரம்பித்தாள். ஏட்டு அர்த்தத்தோடு தொண்டையைச் செருமினார்.

"இவ்வளவு பணத்தை பாங்க்ல போடாம கம்பெனியில ஏம்மா போட்டீங்க?" என்றாள் சப்-இன்ஸ்பெக்டர்.

"பாங்க்லதான் இருந்துச்சு. மாசம் ஆறாயிரம் வந்துட்டிருந்த வட்டி மூவாயிரத்து அறுநூறா இறங்கிடுச்சு. மருந்துக்கே சரியாப் போச்சு. தெருவுக்கு வர்ற கம்பெனி ஏஜென்ட் தம்பி பன்னிரண்டு சதவீதம்னார். மாசம் எட்டாயிரம். கையில ரொக்கமாவே குடுத்துடுவார். தங்கமான கம்பெனி! இருபதாம் தேதி பணம் போட்டேன், அடுத்த ஒண்ணாம் தேதியே முழு மாச வட்டி வந்துடுச்சு."

எழுதிக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டரின் பேனா ஒரு கணம் நின்றது.

"கடைசியா பத்திரத்தை எப்போ பார்த்தீங்க?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு. டெபாசிட்டை முறிக்கணும்னு போன்ல சொன்னதும் ஏஜென்ட் தம்பி ஓடி வந்தார். நம்பரைப் பார்த்துக் குறிச்சுக்கிட்டார். அவரே கவர்ல போட்டு, கீழே விழுந்துடக் கூடாதுன்னு பசை தடவி ஒட்டிக் குடுத்தார். உடனே உள்ளே வெச்சுப் பூட்டிட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் வெளியே போய் இரண்டு போன் பேசினாள்.

11.15. ஏஜென்ட் வந்து சேர்ந்தான். தெருவில் அவனுக்குப் 'பன்னிரண்டு பர்சென்ட்' என்றே பெயர். இஸ்திரி கலையாத சட்டை. மாப்பிள்ளையைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"குடும்பத்துக்குள்ளேயே இப்படியா? பாவம், அம்மா."

"அந்தப் பத்திரத்தை வெச்சு வேற யாராவது பணம் வாங்க முடியுமா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"முடியாது மேடம். அம்மா கையெழுத்து வேணும்."

"அப்போ சங்கிலியை விட்டுட்டு, பைசா பெறாத காகிதத்தை மாப்பிள்ளை ஏன் எடுக்கணும்?"

அவள் கிழிந்த கவரைத் தூக்கிக் காட்டினாள்.

"எல்லாரும் பீரோப் பூட்டையே பார்த்தாங்க. இதை யாரும் பார்க்கல. நேத்து நீ ஒட்டினே. இன்னிக்குக் காலையில அம்மா கிழிச்சாங்க. ஒட்டின இடம் ஒட்டினபடியே இருக்கு, பாரு. மேல் விளிம்புதான் கிழிஞ்சிருக்கு. நடுவுல யாரும் திறக்கல. பீரோவுக்குப் பத்து சாவி இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஒட்டும்போதே உள்ளே வெள்ளைத்தாள்தான் இருந்தது."

"மேடம், நான் எதுக்கு..."

"பதினோரு நாளுக்கு எந்தக் கம்பெனியும் முழு மாச வட்டி குடுக்காது. இவங்க பேர்ல டெபாசிட்டே கிடையாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. பத்திரம் போலி. அம்மா அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோனா நீ மாட்டுவே. அந்தக் காகிதம் இந்த உலகத்துல ஒரே ஒருத்தனுக்குத்தான் ஆபத்து."

ஏட்டு அவன் பையைக் கவிழ்த்தார். நர்ஸம்மாவின் பத்திரம் நாலாக மடித்துக் கிடந்தது. கூடவே பெயர் எழுதாத ஐந்து பத்திரங்கள், ஒரு சின்ன நோட்டு.

"அப்போ எனக்கு வந்த வட்டி?" என்றார் நர்ஸம்மா.

"உங்க பணத்தையே கொஞ்சம் கொஞ்சமா உங்களுக்குத் திருப்பிக் குடுத்திருக்கான்மா."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வாசல் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, சபையில வெச்சு உங்களைத் திருடன்னு சொல்லிட்டேனே" என்றார்.

"வலிக்குது அத்தை. இல்லைன்னு சொல்ல மாட்டேன்." மாப்பிள்ளை குனிந்து, தரையில் கிடந்த வெள்ளைத்தாளை எடுத்துக் கசக்கினார். "ஆபரேஷன் தேதியை மாத்தாதீங்க. செலவு என்னோடது."

12.20. ஏஜென்டை ஜீப்பில் ஏற்றினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினாள். அதே தெருவில் பதினொரு வீடுகள். சிலருக்கு நாலு லட்சம், ஒருவருக்குப் பதினைந்து. எல்லாம் ஆயுசு முழுக்கச் சேர்த்த பணம்.

"ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிடலாமா?" என்றார் ஏட்டு.

"வேண்டாம். நாமே போய்ச் சொல்லலாம்."

அடுத்த வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்த பெரியவர் சீருடையைப் பார்த்துத் திகைத்தார். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"உள்ளே உட்கார்ந்து பேசலாமாய்யா? வீட்டுல அம்மாவையும் கூப்பிடுங்க."