வீட்டில் சீலன்

ஏசியை அணைத்து நான்கு நாளாகிவிட்டது. ஆனால் அதன் கீழே வைத்த வாளி மட்டும் தினமும் நிறைந்துகொண்டிருந்தது.

ஷைனி முதலில் மாடி வீட்டைத்தான் சந்தேகப்பட்டாள். "எங்காத்துல ஏசியே கெடையாதே ஷைனி" என்று அபயாம்பாள் மாமி கையை விரித்துவிட்டாள்.

செம்பூருக்கு வந்து இரண்டு வருடமாகியும் ஷைனியிடம் ஒட்டாதவை இரண்டு: ஒன்று இந்தி, மற்றது இந்த அறை. போன மழைக்காலம் முழுக்க மாமனார் தனசீலன் இந்த ஏசிக்குக் கீழேதான் குனிந்து உட்கார்ந்து, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு, கணவன் ஜிபின் அந்தச் சுவரில் பூப்போட்ட வால்பேப்பர் ஒட்டினான். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா, அழகுக்குத்தான்" என்றான். ஜிபின் அழகுக்காக எதையும் செய்கிற ஆளில்லை.

இப்போது ஏழு வயது சுஜா இருமுகிறாள். மூன்று குட்டி இருமல், பிறகு ஒரு நீண்ட இழுப்பு. தாத்தாவின் இருமல் அப்படியே.

திங்கட்கிழமை டாக்டர் ஃபர்ஸானா குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "கர் மே சீலன் ஹை க்யா?" என்றார்.

வீட்டில் சீலன் இருக்கிறாரா? ஷைனி குழந்தையைத் தன்னோடு இழுத்துக்கொண்டாள். மாமனாரை எல்லோரும் சீலன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் இந்தக் கிளினிக் வாசலை அவர் மிதித்ததே இல்லையே!

"நஹி. கயா" என்றாள். போய்விட்டார்.

டாக்டர் நிம்மதியாகத் தலையாட்டி, மருந்து எழுதி, மூன்று வேளை ஆவி பிடிக்கச் சொன்னார்.

அந்தச் சந்தேகம் நான்கு நாளாக அவளை அரித்தது. இன்று மதியமும் மழை வலுத்தது. ஆவி கொஞ்சமும் வீணாகக் கூடாதென்று ஜன்னல்களை இறுக்கச் சாத்தி, சுஜாவைப் போர்வைக்குள் குனிய வைத்தாள். தைல வாசனையையும் மீறி நனைந்த கோணிச்சாக்கு வாடை சுவரிலிருந்து கிளம்பி வந்தது. பூப்போட்ட தாள் எங்கோ மெல்ல மெல்லப் பிரிகிற சத்தம் மழைக்கு நடுவிலும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"டாக்டருக்கு தாத்தா பேரு எப்பிடித் தெரியும் மக்ளே?"

சுஜா இரட்டைச் சடையில் நீர் சொட்ட வெளியே வந்து சிரித்தாள். "தாத்தா இல்ல மம்மி. சீலன் மத்லப் ஈரம். சுவத்துல கறுப்பா வரும்ல, காலா காலா. அது இருக்கான்னு கேட்டாங்க."

ஷைனி ஆவிப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். இல்லை என்று சொல்லிவிட்டாளே! ஏசி ஒழுகி ஊறிய அந்தச் சுவருக்கு, நான்கு நாளாக அவளே அல்லவா ஆவி ஊட்டியிருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தாள். வால்பேப்பர் உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.

ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

கறுப்பு. பூனை முடிபோல மெத்தென்ற கறுப்பு. வளைந்த முதுகு. குனிந்த தலை. முழங்காலில் ஊன்றிய கை. ஜிபின் மறைத்தது இதைத்தான்.

மூன்று குட்டி இருமல். நீண்ட இழுப்பு.

திரும்பினாள். சுஜா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நான் இல்ல மம்மி."

மீதித் தாள் தானாகக் கழன்று விழுந்தது. அந்தக் கறுத்த முழங்காலை ஒட்டி இன்னொரு உருவம். சின்னது. இன்னும் முழுதாகக் கறுக்கவில்லை. அதன் தோளின் இருபுறமும் இரண்டு சடைகள், நுனியில் நீர் சொட்ட.