கறுப்புக் குழாய் போன வழி

இன்றைக்குள் தண்ணீர் வராவிட்டால் அம்மாவின் ஜாதிக்காய்க் கன்றுகள் அத்தனையும் கருகிவிடும்! லோஷினி பாராங் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கூடவே அவளுடைய பெரியப்பா மகன் குகனும், பக்கத்துத் தோட்டத்து மெய் லிங்கும்.

பினாங்குத் தீவின் அந்தப் பின்பக்கத்து மலை இருக்கிறதே, கண்ணுகளா, அங்கே கூட்டமும் கிடையாது, இரைச்சலும் கிடையாது. உச்சிச் சுனையிலிருந்து வீட்டுக்கொரு கறுப்புக் குழாய் இறங்கி வரும். ஒருவர் குழாயில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது. அது அங்கே கட்டுப்பாடு. இப்போது லோஷினி வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் நின்றுபோயிருந்தது.

"இவ அப்பாதான் நம்ம குழாயப் புடுங்கிருப்பாரு!" என்றான் குகன்.

"வாய மூடு லா! எங்கப்பா முட்டி வலியில படுத்துக் கெடக்காரு. பறந்தா வந்தாரு?" என்று சீறினாள் மெய் லிங்.

"சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல உன் காலப் பாருண்ணே, அட்டை!" என்றாள் லோஷினி.

குகன் குதித்த குதியில் பெண்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

டுரியான் மரங்கள் முடிந்து, ஆளுயரப் பெரணிச் செடிகளுக்குள் நுழைந்தார்கள். மூடுபனி விலகியது. அடேயப்பா! ஒரு கிளையில் கரிய தாய்க்குரங்கு. அதன் மடியில் தங்கத்தை உருக்கி வார்த்தாற்போல் ஒரு குட்டி! கீழே கடல் நீலமாக விரிந்து கிடந்தது. அந்த அழகில் லோஷினி வந்த வேலையையே மறந்து நின்றாள்.

"ஐயோ, இங்க பாரு!" குகன் கத்தினான்.

ஒரு மரம் சாய்ந்து அவர்கள் குழாயை நசுக்கித் துண்டாக்கியிருந்தது. பிய்ந்த துண்டு மரத்தோடு சரிவில் போய்விட, இடையில் நாலு ஆள் நீளத்துக்குக் குழாயே இல்லை. பக்கத்தில் மெய் லிங் வீட்டுக் குழாயில் தண்ணீர் சலசலத்து ஓடியது. குகன் லோஷினியின் கத்திக்குக் கை நீட்டினான்.

"ஒரே ஒரு நாளைக்கு... வெட்டி நம்மளுதுல சொருகிடலாம்."

மெய் லிங் தன் வீட்டுக் குழாய்க்குக் குறுக்கே போய் நின்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"தொடாதண்ணே! அவங்க வீட்டுக் கன்னு மட்டும் காயலாமா? போய் மூங்கில் வெட்டு!"

குகன் தலைகுனிந்து போனான். மூங்கிலை நெடுகப் பிளந்து, கணுக்களைத் தட்டியெறிந்து, வாய்க்கால்போல் சரித்து வைத்தார்கள். மெய் லிங் தன் தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டி, கீழ்க்குழாயின் வாயில் புனலாகச் செருகினாள். மேலே நசுங்கிய முனையை லோஷினி ஒரே வெட்டாக வெட்டினாள். பீறிட்டது தண்ணீர்! மூங்கிலில் ஓடி, புனலில் சுழன்று, மடமடவென்று உள்ளே இறங்கியது.

"மெய் லிங், நான் பேசுனது தப்பு," என்றான் குகன்.

"தெரிஞ்சா சரி. ஓடு, தண்ணிய முந்தலாம்!"

முந்த முடியுமா? வீட்டு வாசலில் அம்மா தொப்பலாக நனைந்து நின்றாள்.

"எவ குழாயத் தெறந்து போட்டுட்டுப் போனது? மூஞ்சிலேயே அடிச்சிருச்சு!"

வாய் திட்டியது, கை மட்டும் கன்று கன்றாகத் தண்ணீர் காட்டிக்கொண்டே போனது. வேலிக்கு அந்தப் பக்கம், மெய் லிங் வீட்டுத் தொட்டியும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.