ஏணி வைக்காத நாள்

"வேன் கூரையில பள்ளம் இருக்கு," என்றாள் பிரையனி, ஏணியின் மூன்றாவது படியில் நின்றபடி.

கீழே நின்றவன் அண்ணாந்து பார்த்தான். மழைத்துளி விழுந்ததில் ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

"கூரையில எனக்கு என்ன வேலை மேடம்? நான் உள்ளே உட்கார்ந்துதான் ஓட்டினேன்."

"எல்லாரும் உள்ளேதான் உட்காருறாங்க. இருந்தும் பள்ளம் விழுது."

"நிஜமாவே நான் இல்லை..."

அவன் பெயர் ஜூட். இங்கிலாந்தின் சாட்டம் கப்பல் தளத்தில் இப்போது போர்க்கப்பல் கட்டுவதில்லை. பழைய கொட்டகைகளில் சினிமா எடுக்கிறார்கள். வரும் ஒவ்வொரு படக்குழுவுக்கும் நாலு வாரம், ஆறு வாரம் என்று வேன் வேண்டும். பிரையனியின் அப்பா ட்ரெவரின் வாடகை வேன் தொழில் அதை நம்பித்தான் ஓடியது. ஜூட் ஒரு படக்குழுவுக்காகப் பீப்பாய்களும் மரத்தால் செய்த பீரங்கிகளும் ஏற்றுகிறவன். நாலு வாரத்துக்கு எடுத்த வேனை இன்று திருப்பிக் கொண்டுவந்திருந்தான்.

வேன் போகும்போது ஒரு தாள். வரும்போது அதே தாள். அதில் வேனின் படம் இருக்கும். கீறலுக்கு ஒரு வட்டம் போட வேண்டும். கூரையை ஏணி வைத்து ஏறிப் பார்த்த பிறகுதான் 'சரி' என்று எழுத வேண்டும். நாலு வருடங்களில் பிரையனியின் தாளில் ஒரு வட்டம்கூடத் தவறியதில்லை. "தாவரவியல் படிச்சவ. பார்த்ததை மட்டும்தான் எழுதுவா," என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொள்வார்.

அவள் குனிந்து பார்த்தாள். பள்ளத்தின் மடிப்பில் பச்சையாக ஒரு கோடு.

பாசி. இத்தனை அடர்த்தியாக நாலு வாரத்தில் வராது. ஒரு குளிர்காலமாவது ஆகியிருக்க வேண்டும்.

கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கூரை: சரி. அவளுடைய கையெழுத்துதான். வேன் போன அன்று ஏணியை வெளியே எடுக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ட்ரெவர் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தார்.

"என்ன கண்ணு?"

"கூரையில பள்ளம்ப்பா."

"தாள்ல இருக்கா?"

"தாள்ல... இல்லை."

"அப்போ பேச்சே இல்லை. தம்பி, உங்க கம்பெனிக்கு எழுதிடறேன்."

ஜூட்டின் முகம் மாறியது. "எழுதினா அடுத்த படத்துக்கு என்னைக் கூப்பிட மாட்டாங்க சார்."

"இடிக்கிறப்போ அதை நினைச்சிருக்கணும்."

ஜூட் பிரையனியைப் பார்த்தான். மழை நிறக் கண்கள். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் விரல் பாசியின் மேல் இருந்தது. ஒருமுறை துடைத்தால் போதும், போய்விடும். அவள் துடைக்கவில்லை. வாய் திறக்கவும் இல்லை.

"உங்க தாள்ல இல்லைன்னா... சரி," என்று ஜூட் கையெழுத்துப் போட்டுவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மழையில் நடந்தான்.

ஒரு தாள் தப்பு என்று சொன்னால் நாலு வருடத் தாள்களையும் சந்தேகப்படுவார்கள். சொல்லாவிட்டால் அவன் வேலை போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

அப்பா கடிதம் எழுத உட்கார்ந்திருந்த அறைக்குள் போனாள்.

"எழுதாதீங்கப்பா. அது பழைய பள்ளம். உள்ளே பாசி பிடிச்சிருக்கு. அன்னிக்கு நான் ஏறிப் பார்க்கலை."

ட்ரெவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீயா?"

"நான்தான்."

"ஏன்?"

"மழை..."

"மழைன்னா நீ குடையைப் பிடிச்சுக்கிட்டு ஏறுறவளாச்சே." மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போ. அவன்கிட்ட நீயே சொல்லு."

கப்பல் தளத்து வாசலுக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தில் ஜூட் நின்றுகொண்டிருந்தான். அவள் ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"நீங்க இடிக்கலை. பள்ளத்துல பாசி இருக்கு. அப்பா எழுத மாட்டார். தப்பு என்னோடது."

"பாசி எனக்காகச் சாட்சி சொல்லிச்சா? நன்றின்னு சொல்லிடுங்க."

"சொல்றேன்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு கேட்டான், "அன்னிக்கு அவ்வளவு நேரம் பார்த்தீங்களே மேடம். பக்கக் கண்ணாடி ஒண்ணுக்கே நாலு நிமிஷம் ஆச்சு. கூரையை மட்டும் எப்படி விட்டீங்க?"

பேருந்து வந்தது. கதவு திறந்தது. அவன் ஏறவில்லை. கதவு மூடி, பேருந்து நகர்ந்தது.

"அந்தக் கண்ணாடியில கீறல் எதுவும் இல்லை," என்றாள் பிரையனி, தன் காலணியைப் பார்த்தபடி. "அதுல... நீங்க தெரிஞ்சீங்க. அதுக்கப்புறம் ஏணி ஞாபகமே வரலை."

மழை நிறுத்தத்தின் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

கண்ணாடியில் நமக்கு ஒருவரின் கண் தெரிந்தால், அவருக்கும் நம் கண் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். எப்படி மறந்தாள் என்று தெரியவில்லை.

"எனக்கும் நீங்க தெரிஞ்சீங்க," என்றான் ஜூட். "அதனாலதான் நாலு நிமிஷமும் நான் நகராம நின்னேன்."