பின்னால் ஒரு வண்டி வருகிறது

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நெரிடா வண்டியை நிறுத்தி, கரட்டுப் பாதையில் பிடிமானம் கிடைக்க டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். பிறகு, பின்னால் மாட்டியிருந்த, விரித்தால் கூடாரமாகும் வாடகை ட்ரெய்லருக்கும் இறக்கினாள். அக்கா க்ளெனிஸ் இருக்கையை விட்டு எழவில்லை.

"புருஷன் செத்த இடத்துக்கு எவளாவது வருவாளாடி? அதுவும் இந்த வாலைக் கட்டிக்கிட்டு! ஒரு டென்ட் பத்தாதா?"

"க்ளெமுக்குத் தரையில படுத்தா முதுகு பிடிச்சுக்கும்க்கா."

க்ளெனிஸ் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

போன ஈஸ்டருக்கு நெரிடாவின் புருஷன் க்ளெமைப் புதைத்துக் கல்லும் நட்டாயிற்று. ஆனாலும் இந்தக் காக்கை முகட்டுப் பாதையில் ஏறி வருகிறவர்கள் மதுக்கடையில் உட்கார்ந்து ஒன்றைத்தான் சொன்னார்கள். 'நம்ம க்ளெம் இன்னும் ஏறிக்கிட்டே இருக்கான். வண்டி ரேடியோல குரல் கேக்குது.' அவனை வீட்டுக்குக் கூட்டிவரத்தான் நெரிடா வந்திருக்கிறாள்.

அந்தப் பாதையில் ஒரு வண்டிக்குத்தான் இடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் ஆகாசம். எதிரே வண்டியைக் கண்டால், தனக்குப் பின்னால் இன்னும் எத்தனை வருகிறது என்று முன்னால் போகிறவர், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் சொல்லியாக வேண்டும். கடைசி வண்டி தாண்டும்வரை எதிராளி நகரமாட்டான். க்ளெம் செத்த அன்றைக்கு முன்னால் ஏறியவள் நெரிடா. பின்னால் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு க்ளெம். உச்சியில் ஒதுங்கும் இடத்தில் காத்திருந்தவனைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனாள்.

சொல்ல மறந்துபோனாள்.

பாதை காலி என்று அவன் இறங்கினான். க்ளெம் ஒதுங்கப் பார்த்தான். ட்ரெய்லரின் ஒரு சக்கரம் விளிம்பைத் தாண்டியது. வண்டியையும் அதுவே இழுத்துக்கொண்டு போயிற்று.

இப்போது ஆற்றுக்கு இறங்கும் இறக்கத்தில் ட்ரெய்லர் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் தள்ளியது. பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லர் பக்கவாட்டில் மடங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, தாழ்ந்த கியரிலேயே உருட்டி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். கூடாரத்தை விரித்தபோது கான்வாஸிலிருந்து புகையிலை வாசம் வந்தது. க்ளெம் சுருட்டிப் பிடிக்கிற அதே புகையிலை.

அவன் கண்ணால்கூடப் பார்த்திராத ட்ரெய்லர் அது.

காலையில் அதே பாதையில் மூடுபனிக்குள் ஏறத் தொடங்கினார்கள். பாதி ஏற்றத்தில், பின்னால் பழைய டீசல் எஞ்சின் ஒன்று இருமியது. பின்பக்கக் கண்ணாடியில் பனி மட்டுமே தெரிந்தது.

ரேடியோ கரகரத்தது.

"நெரிடா... பின்னாலதான் வர்றேன். சொல்லிட்டியா?"

க்ளெனிஸ் தங்கையின் தொடையை நகம் பதியப் பற்றினாள்.

"அடியே... யாருடி அது?"

உச்சியில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. இறங்கத் தயாராக ஒரு வண்டி.

"சொல்லிட்டியாம்மா?" பின்னாலிருந்த குரல் மறுபடி கேட்டது.

நெரிடா ரேடியோ மைக்கை வாயருகே கொண்டுபோனாள். பொத்தானை அழுத்தினாள்.

"மேல நிக்கிறவங்களுக்கு... எனக்குப் பின்னால ஒரு வண்டி வருது. ட்ரெய்லரோட. அது தாண்டற வரைக்கும் இறங்காதீங்க. தயவுசெஞ்சு இறங்காதீங்க."

"சரிம்மா, பதறாதீங்க. எங்களுக்கு அவசரமே இல்ல."

அந்த வண்டியைக் கடந்து போனார்கள். உள்ளே தாடிக்காரன் ஒருவன் சாவகாசமாக ரொட்டி தின்றுகொண்டிருந்தான். கொஞ்ச தூரம் போனதும் அவன் குரல் வந்தது.

"உங்க ஆள் தாண்டிட்டார்ம்மா. ஸ்டியரிங்லேருந்து ஒத்தை விரலைத் தூக்கி நன்றி காட்டிட்டுப் போறார். ஆனா வண்டி ஏன் அப்படி நசுங்கிக் கெடக்கு?"

க்ளெனிஸ் திரும்பிப் பார்த்தாள். பாதை வெறுமையாக இருந்தது. அழுகிறாளா, ஜெபிக்கிறாளா என்று தெரியாமல் அவள் உதடு துடித்தது.

நெரிடா வேகத்தைக் கூட்டவில்லை. தார்ச்சாலை முக்கில் வண்டியை நிறுத்தினாள். பின்னால் வருகிறவன் திருப்பத்தைத் தவறவிடக் கூடாது அல்லவா?

"போயிடலாம்டி," என்று கிசுகிசுத்தாள் அக்கா.

"இருக்கா. வரட்டும்."

பனிக்குள் மஞ்சளாய் ஒற்றை விளக்கு இரண்டு முறை மின்னியது.

நெரிடா வீட்டுப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.